டெத் மேக்னடிக் கேட்டா காது களைச்சுப் போகுதே, தப்பு பாட்டு மேலயா மிக்ஸ் மேலயா?

இடிமின்னல்83 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவோட ஆல்பங்களை 1983ல வந்த கில் எம் ஆல்ல ஆரம்பிச்சு வரிசை மாத்தாம ஒவ்வொண்ணா கேட்டுட்டு வர்றேன், இப்ப 2008 டெத் மேக்னடிக்ல வந்து நிக்கிறேன். பாட்டா பாத்தா எனக்கு ரொம்பவே பிடிச்சிருக்கு, ஆல் நைட்மேர் லாங் பாட்டோட ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) கேட்டா மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் காலத்து வெறி திரும்ப வந்த மாதிரி இருக்கு, செயின்ட் ஆங்கர்ல காணாமப் போன கிட்டார் சோலோவும் திரும்ப வந்தாச்சு. ஆனா மூணு பாட்டு தாண்டுறதுக்குள்ள காது களைச்சுப் போயிடுது. வால்யூமைக் குறைச்சாலும் அதே கதை தான். டிரம்ஸ் பலமா விழுற இடத்துல எல்லாம் ஒரு கரகரப்பு கேக்குது, ஹெட்ஃபோன் போயிடுச்சோன்னு ஸ்பீக்கர்ல போட்டா அங்கயும் அதே கரகர.

இதைத் தான் ஓவர் புரொடக்‌ஷன்னு (ஸ்டுடியோவுல தேவைக்கு மேல மெருகேத்துறது) சொல்றாங்களா? அப்படின்னா 1991 பிளாக் ஆல்பத்தையும் அதையே சொல்லித் திட்டுறாங்களே, அது எவ்வளவு சுத்தமா கேக்குது, ரெண்டும் எப்படி ஒரே குத்தம் ஆகும்? இன்னொரு விஷயம், 1996 லோட் ஆல்பத்துல இருந்து இங்க வரைக்கும் சொந்தப் பாட்டு ஆல்பம் எதை எடுத்தாலும் 75 நிமிஷத்துக்குப் பக்கத்துல ஓடுது, பாதிப் பாட்டைத் தூக்கியிருந்தா எல்லாமே கிளாசிக் ஆயிருக்குமோன்னு தோணுது. நீங்க எந்தப் பாட்டை வச்சு எதைத் தூக்குவீங்க?

மிக்ஸ்மேசை:

ஹெட்ஃபோன்ல ஒரு கோளாறும் இல்ல ப்ரோ, ஆல்பமே அப்படித்தான் வந்துச்சு. டிஜிட்டல் ஆடியோவுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, அதுக்கு மேல ஒரு சொட்டு கூட சத்தம் ஏறாது. அப்ப மத்த பேண்ட் சிடியை விட நம்ம சிடி சத்தமா கேக்கணும்னா என்ன வழி, மெல்லிசா இருக்கிற இடத்தை எல்லாம் மேல தூக்கணும், டிரம்ஸ் அடி மாதிரி சட்டுன்னு எகிறுற உச்சத்தை எல்லாம் கம்ப்ரஸர், லிமிட்டர் வச்சு அமுக்கணும். கொஞ்சம் பண்ணா பாட்டு கெட்டியாகும், நல்லாவே இருக்கும், எல்லா ராக் ஆல்பத்துலயும் பண்றது தான். ஆனா அதையும் தாண்டித் தள்ளிக்கிட்டே போனா ஒலி அலையோட தலையே வெட்டுப்பட்டுடும், அது தான் கிளிப்பிங், நீங்க கேட்ட கரகர அது தான். ஏதாவது ஆடியோ எடிட்டர்ல தி டே தட் நெவர் கம்ஸைத் திறந்து பாருங்க, தனிக் கிட்டார் ஆரம்பம் முடிஞ்சதும் மேலயும் கீழயும் ஒரே மட்டமா வெட்டின பட்டை மாதிரி நிக்கும், ஸ்னேர் அடி எங்க விழுதுன்னு கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. எல்லா வார்த்தையையும் கத்திக் கத்திப் பேசுற ஆள் பக்கத்துல உக்காந்தா எப்படிச் சோர்ந்து போவோமோ அப்படித்தான் காது சோர்ந்து போகுது, அதனால தான் நீங்க வால்யூமைக் குறைச்சும் பிரயோஜனம் இல்ல.

இதுல மனசு ஆறாத விஷயம் என்னன்னா, நல்ல வெர்ஷன் ஒண்ணு அதே சமயத்துல வெளியவே இருந்துச்சு. கிட்டார் ஹீரோ கேம்ல இந்த ஆல்பம் முழுசா வந்துச்சு, கேமுக்கு கிட்டார் தனி, டிரம்ஸ் தனி, குரல் தனின்னு பிரிச்சுக் கொடுக்கணும், அதனால அந்தக் கடைசி அமுக்கல் அதுல விழல. ரசிகர்கள் அதைப் பிரிச்சு எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டுட்டுக் கொதிச்சுப் போயிட்டாங்க. டைனமிக் ரேஞ்சை அளக்கிற டிஆர் மீட்டர்ல சிடிக்கு 3, கேம் வெர்ஷனுக்கு 12 காட்டுச்சு. திரும்ப மிக்ஸ் பண்ணிக் கொடுங்கன்னு ஆயிரக்கணக்கான பேர் மனு போட்டாங்க. மாஸ்டரிங்னு சொல்ற கடைசி ஒலிச் சீரமைப்பைப் பண்ண டெட் ஜென்சன், என்கிட்ட வர்றப்பவே அமுக்கி முடிச்சுத்தான் வந்துச்சுன்னு எழுதின மெயில் வெளிய வந்துச்சு. பேண்டோட டிரம்மர் லார்ஸ் உல்ரிச் என்னடான்னா 2008ல ரெக்கார்டு இப்படித்தான் பண்றாங்க, எனக்கு இந்த சவுண்ட் பிடிச்சிருக்குன்ற மாதிரி பேசிட்டார்.

புரொட்யூஸர் ரிக் ரூபின். 1999ல ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸுக்கு அவர் பண்ண கலிஃபோர்னிகேஷன் மேலயும் இதே புகார் உண்டு, அதனால இதைத் தெரியாம நடந்த விபத்துன்னு என்னால எடுத்துக்க முடியல.

சுருக்கமா உங்க கேள்விக்கு, டெத் மேக்னடிக்ல ஓவர் புரொடக்‌ஷன் எதுவுமே கிடையாது. ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஆர்கெஸ்ட்ராவே ஒரே ஒரு பாட்டுல தான், தி அன்ஃபர்கிவன் 3 ஆரம்பத்துல. கடைசிப் படியில சத்தத்துக்காக நசுக்கிட்டாங்க, அவ்வளவு தான். பிளாக் ஆல்பத்து மேல சொல்ற குறை முழுக்க வேற.

பழையகேசட்:

மிக்ஸ்மேசை சொன்ன டெக்னிக்கல் எல்லாம் சரி தான், மறுக்கல. ஆனா எனக்கு அந்த சிடி வெர்ஷன் தான் டெத் மேக்னடிக். கிட்டார் ஹீரோ வெர்ஷன் கேட்டேன், டிரம்ஸ் அழகா பிரிஞ்சு கேக்குது, பேஸ் கேக்குது, எல்லாம் இருக்கு, ஆனா மை அபோகலிப்ஸ்ல இருந்த அந்தக் கொலைவெறி கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. 2003ல செயின்ட் ஆங்கர் வந்தப்ப இந்த பேண்ட் அவ்வளவு தான் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எழுதி வச்சுட்டாங்க, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு வந்து முகத்துல அறைஞ்ச மாதிரி ஒரு ஆல்பம் போட்டா அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். மீட்டர் 3 காட்டுது 12 காட்டுதுன்னு நம்பரை வச்சு ஒரு ஆல்பத்தைத் தள்ளி வைக்காதீங்க.

மிக்ஸ்மேசை:

வெறி வேணும்னு தான் நானும் சொல்றேன் தல. பாட்டு மெல்லிசா ஆரம்பிச்சு டிஸ்டார்ஷன் உள்ள வர்றப்ப சத்தம் எகிறணும், அப்பத்தான் நெஞ்சுல இடிக்கும். தி டே தட் நெவர் கம்ஸ்ல அந்தத் தனிக் கிட்டாரையே அவ்வளவு மேல தூக்கி வச்சுட்டா அப்புறம் ஏறுறதுக்கு இடம் எங்க இருக்கு? 1984 ரைட் தி லைட்னிங்ல ஃபேட் டு பிளாக் போட்டுப் பாருங்க, அக்கூஸ்டிக்ல இருந்து டிஸ்டார்ஷனுக்குத் தாவுற இடத்துல வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அது வெறி குறைஞ்ச பாட்டா?

நாலாவதுதந்தி:

எல்லாரும் 2008க்குக் கொதிக்கிறீங்க, 1988ஐ யாரும் தொடவே இல்லையே, நான் பேஸ் வாசிக்கிறவன், எனக்கு இந்த பேண்ட் பண்ண பெரிய மிக்ஸ் அநியாயம் ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் தான். பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல போயிட்டார், அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டுக்கு இது தான் முதல் முழு ஆல்பம், அதுல அவர் வாசிச்சதே கேக்காது. பிளாக்கன்ட் போட்டுட்டு கிட்டார் கீழ ஏதாவது உறுமுதான்னு காதைத் தீட்டிக் கேளுங்க, கிக் டிரம்மோட டக் டக் மட்டும் தான் வரும். மிக்ஸ் பண்ண ஸ்டீவ் தாம்சன் பேட்டியிலயே சொல்லியிருக்கார், லார்ஸ் தான் பேஸை இறக்கச் சொன்னார், கொஞ்சமா கேக்குற அளவுக்கு இறக்கினதும் இன்னும் இறக்குன்னு சொன்னார்னு. அப்ப டூர் போயிக்கிட்டே மிக்ஸைப் பாக்க ஓடி ஓடி வந்ததுல காதே அடைச்சுப் போயிருந்துச்சுன்னு பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பிற்பாடு விளக்கம் சொன்னார், இருக்கலாம், ஆனா 2018ல ரீமாஸ்டர் பண்ணி பெரிய பெட்டியில போட்டு வித்தப்பவும் பேஸைத் தொடல. பழைய மிக்ஸ் அப்படியே தான் இருக்கணும்னு நின்னுட்டாங்க. ரசிகர்கள் பேஸை ஏத்தி ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்னு தாங்களே ஒரு வெர்ஷன் பண்ணி வச்சிருக்காங்க, அதைக் கேட்டா தான் அந்த மனுஷன் எவ்வளவு இறுக்கமா ரிஃப்பைப் பின்தொடர்ந்து வாசிச்சிருக்கார்னு புரியும்.

நான் சொல்ல வர்றது, இந்த பேண்ட்ல எந்தக் காலத்துலயும் சவுண்டைக் கெடுத்தது புரொட்யூஸர் மட்டும் இல்ல. ஜஸ்டிஸுக்கு ஃப்ளெமிங் ராஸ்முசன், செயின்ட் ஆங்கருக்கு பாப் ராக், டெத் மேக்னடிக்குக்கு ரிக் ரூபின், ஆள் மாறிக்கிட்டே இருக்கு, கடைசியா தலையாட்டி ஓகே சொல்றது அதே ரெண்டு பேர் தான், ஜேம்ஸும் லார்ஸும்.

கருப்புஅட்டை:

அப்ப பிளாக் ஆல்பத்துக்கும் அதே ரெண்டு பேர் தானே ஓகே சொன்னாங்க? அது மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்துச்சு? புரொட்யூஸர் பாப் ராக்னு ஒரு ஆள் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லத் துணிஞ்சார், அதனால தான். எல்லாப் பாட்டும் ஒரே ஈ ட்யூனிங்ல இருக்கேன்னு அவர் கேக்கப் போய்த்தான் சாட் பட் ட்ரூ கீழ டிக்கு இறங்கி அவ்வளவு கனமா வந்துச்சு. ஜேம்ஸை உக்கார வச்சுப் பாட வச்சது, வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வச்சது எல்லாம் அவர் தான். 1990 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1991 ஜூன் வரைக்கும் போட்டு இழைச்சாங்க, மூணு தடவை மிக்ஸ் பண்ணாங்க, செலவு 10 லட்சம் டாலர் பக்கம். என்டர் சேண்ட்மேன் டிரம்ஸே ஐம்பது டேக் கிட்ட அடிச்சு அதுல இருந்து நல்ல நல்ல துண்டா எடுத்துக் கோத்தது.

இதைக் கேட்டதும் பாத்தீங்களா ஓவர் புரொடக்‌ஷன்னு சிலர் வந்துடுவாங்க. எவ்வளவு வேலை பாத்தாங்கன்றதை வச்சு எப்படிங்க குறை சொல்ல முடியும், காதுல என்ன விழுதுன்னு தானே பாக்கணும். அந்த ஸ்னேர் விழுறப்ப சுத்தி எவ்வளவு இடம் இருக்கு பாருங்க, ஜேசன் பேஸ் தெளிவா கேக்குது, நத்திங் எல்ஸ் மேட்டர்ஸுக்கு மைக்கேல் கேமன் எழுதின ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது, அவ்வளவு பின்னால வச்சிருக்காங்க. ஓவரா பண்ணணும்னு நினைச்சிருந்தா அந்த வயலின்களை முன்னாடி கொண்டு வந்து நிறுத்தியிருக்க மாட்டாங்களா?

பழையகேசட்:

நிறுத்தினாங்களே, 1999ல எஸ் அண்ட் எம்னு முழுக் கச்சேரியாவே அதே கேமனோட சேர்ந்து நிறுத்தினாங்க. அதுல நோ லீஃப் க்ளோவர் தவிர எனக்குப் பெருசா எதுவும் ஒட்டல, பேட்டரி பாட்டுக்கு எதுக்கு வயலின்.

பிளாக் ஆல்பம் மேல என் வருத்தம் சவுண்ட் இல்ல, அது பிரமாதம். எல்லா மூலையும் தேச்சு வழவழன்னு ஆக்கினதுல ஆபத்து போயிடுச்சு. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்ல டேமேஜ் இன்க் ஓடுறப்ப எங்க தடுக்கி விழுவாங்களோன்னு ஒரு பதட்டம் இருக்கும், விழ மாட்டாங்க, ஆனா அந்தப் பதட்டம் தான் த்ராஷ் மெட்டல். டிரம்ஸைத் துண்டு துண்டா வெட்டிக் கோத்தா அந்தப் பதட்டம் எங்க இருந்து வரும்? ஓவர் புரொடக்‌ஷன்னு என்னை மாதிரி ஆட்கள் திட்டுறது இதைத் தான்.

நாலாவதுதந்தி:

அப்ப செயின்ட் ஆங்கர் உங்களுக்குப் பிடிக்கணுமே கேசட் அண்ணே. ஸ்னேர் கீழ இருக்கிற கம்பியைக் கழட்டி விட்டு, சோலோவே இல்லாம, கராஜ்ல வாசிச்ச மாதிரி இருக்கணும்னு தானே பண்ணாங்க. ஆனா உண்மையில அது மணிக்கணக்கா ஜாம் பண்ணதைப் புரோ டூல்ஸ் சாஃப்ட்வேர்ல வெட்டி வெட்டி ஒட்டின ஆல்பம். கேக்க பச்சையா இருக்கணும்னு கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சது. இன்விசிபிள் கிட்ல அதே ரிஃப் திரும்பத் திரும்ப வர்றப்ப அந்த ஒட்டு வேலை தெரியும், மனுஷன் வாசிச்சுக் களைச்சு அடுத்த பாகத்துக்குப் போற உணர்வே இருக்காது. 11 பாட்டு, 75 நிமிஷம். பேஸ் வாசிச்சது கூட பாப் ராக் தான், புது பேஸிஸ்ட் ராபர்ட் ட்ருஹியோ சேர்ந்தப்ப வேலை எல்லாம் முடிஞ்சு போச்சு.

லோட்வாசி:

ஆல்பத்துல எதை வைக்கணும் எதைத் தூக்கணும்னு கேட்ட ரெண்டாவது கேள்வியை யாருமே தொடலையே, எனக்கு அது தான் முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல கணக்கைப் பாருங்க. ரைட் தி லைட்னிங் 8 பாட்டு, 47 நிமிஷம். மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் 8 பாட்டு, 55 நிமிஷம். எல்பி ரெக்கார்டு காலம், ரெண்டு பக்கத்துல அடங்கணும், அதனால எது தேறும் எது தேறாதுன்னு முடிவு பண்ணியே ஆகணும். சிடி வந்து 80 நிமிஷம் பக்கம் இடம் கிடைச்சதும் அந்தக் கட்டாயம் போயிடுச்சு. ஜஸ்டிஸ் 65க்குப் போச்சு, அந்த டைட்டில் பாட்டு மட்டும் 10 நிமிஷத்தைத் தொடுது, மேடையில வாசிச்சா முன்வரிசை ஆளுங்களே கொட்டாவி விட்டாங்கன்னு கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமெட் சொல்லியிருக்கார், அதுல சூடு பட்டுத்தான் பிளாக் ஆல்பத்துல பாட்டைச் சுருக்கினாங்க. அப்ப நீளம் பிரச்சனைன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் 1996ல லோட் 14 பாட்டு, சிடியில இதுக்கு மேல ஒரு நிமிஷம் கொள்ளாதுன்ற அளவுக்கு 78 நிமிஷம் 59 செகண்ட். அடுத்த வருஷமே ரீலோட் 13 பாட்டு, 76 நிமிஷம்.

இந்த 27 பாட்டுக்குள்ள ஒரு மகத்தான ஆல்பம் ஒளிஞ்சிருக்கு, இதை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். முடியை வெட்டிட்டாங்க, மை போட்டுக்கிட்டாங்கன்னு அந்தக் காலத்துல ஆளாளுக்குத் திட்டினதுல பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவங்க கம்மி. சவுண்டைப் பொறுத்த வரைக்கும் இந்த பேண்டோட எல்லா ஆல்பத்தையும் விட லோட் தான் எனக்கு மேல. அது வரைக்கும் ரிதம் கிட்டார் முழுக்க ஜேம்ஸ் ஒருத்தரே வாசிச்சு அடுக்குவார், லோட்ல தான் முதல் முதலா கிர்க்கும் ரிதம் வாசிச்சார். அதனால இடது காதுல ஒரு கை, வலது காதுல இன்னொரு கை, ரெண்டும் வேற வேற மாதிரி வாசிக்குது. ப்ளீடிங் மீ நடுவுல அந்த மெதுவான பாகத்துல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, ஒரு கிட்டார் ஓரமா சுருண்டு சுருண்டு போகும், இன்னொண்ணு அப்படியே தொங்கிக்கிட்டு நிக்கும், அதுக்கு நடுவுல பேஸ் நடந்து வரும். இவ்வளவு காத்தோட்டம் இந்த பேண்ட்ல வேற எங்கயும் கிடையாது.

நான் வைக்கிற வரிசை: ஃப்யூயல்ல ஆரம்பிக்கணும், அதுக்கப்புறம் கிங் நத்திங், அண்டில் இட் ஸ்லீப்ஸ், தி மெமரி ரிமெயின்ஸ் (மேரியான் ஃபெய்த்ஃபுல் குரல் இல்லாம இந்த லிஸ்ட்டே வேண்டாம்), ப்ளீடிங் மீ, ஹீரோ ஆஃப் தி டே, லோ மேன்ஸ் லிரிக், ஃபிக்ஸ்ஸர், கடைசியா தி அவுட்லா டார்ன். ஒன்பது பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். பூவர் ட்விஸ்டட் மீ, ரானி, பேட் சீட், ஸ்லிதர், ஆட்டிட்யூட், பிரின்ஸ் சார்மிங் எல்லாம் சிங்கிள் பின்பக்கத்துக்குப் போகட்டும். அன்ஃபர்கிவன் 2 தூக்கினதுக்கு அடிக்க வருவீங்க, தெரியும், ஆனா முதல் அன்ஃபர்கிவன் இருக்கிறப்ப அது எனக்குத் தேவைப்படல.

ஃபிக்ஸ்ஸர் மாதிரி ஒரு பாட்டை 1997ல போட்டுட்டு 2021 டிசம்பர் வரைக்கும் ஒரு தடவை கூட மேடையில வாசிக்கல. எட்டு நிமிஷப் பாட்டு, 76 நிமிஷ ஆல்பத்தோட கடைசியில புதைஞ்சு கிடந்துச்சு, அங்க வரைக்கும் யார் கேட்டுட்டு வருவா? எதையும் தூக்க மனசு வராம எல்லாத்தையும் திணிச்சா நல்ல பாட்டு தான் முதல்ல அடிபடும்.

கருப்புஅட்டை:

மாமா செட் எங்க?? அதைத் தூக்கிட்டு லோ மேன்ஸ் லிரிக் வைக்கிறீங்களா, ஏழு நிமிஷத்துக்கு மேல ஒரே தாளத்துல இழுக்குதே அது.

லோட்வாசி:

இழுக்கணும்ங்க, தோத்துப் போனவன் மன்னிப்பு கேக்குற பாட்டு அது, ஹர்டி கர்டின்ற, கைப்பிடி சுத்தி வாசிக்கிற தந்தி வாத்தியம் அடியில முனகிக்கிட்டே இருக்கு, வேகமா முடிஞ்சா அந்தக் கெஞ்சல் நிக்காது. மாமா செட் நல்ல பாட்டு தான், ஆனா ஹீரோ ஆஃப் தி டே பக்கத்துல வச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

இடிமின்னல்83:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. கிட்டார் ஹீரோ விஷயம் சுத்தமா தெரியாது எனக்கு. லோட்வாசி அண்ணன் லிஸ்ட்டை அப்படியே பிளேலிஸ்ட் ஆக்கிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், இப்ப நான் ஸ்ட்ரீமிங்ல தான் கேக்குறேன், அங்க எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துடுவாங்கன்னு சொல்றாங்களே, அப்ப டெத் மேக்னடிக் பிரச்சனை தானா சரியாகிடாதா? அதுக்கப்புறம் வந்த ஹார்ட்வயர்ட், 72 சீசன்ஸ் ரெண்டும் இதே மாதிரி தான் இருக்குமா?

மிக்ஸ்மேசை:

சரியாகாது ப்ரோ. அவங்க பண்றது மொத்தப் பாட்டோட வால்யூமை ஏத்துறது இறக்குறது மட்டும் தான். வெட்டுப்பட்ட அலை வெட்டுப்பட்டபடியே தான் இருக்கும், கரகரப்பும் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். அதுல இன்னொரு கூத்தும் நடக்குது, ஃபேட் டு பிளாக் மாதிரி பழைய பாட்டோட ஒரிஜினல் மாஸ்டரையும் டெத் மேக்னடிக்ல வர்ற தட் வாஸ் ஜஸ்ட் யுவர் லைஃபையும் அதே சத்தத்துக்குக் கொண்டு வந்து அடுத்தடுத்து போட்டா பழசோட டிரம்ஸ் அடி தான் மேல எகிறி நிக்கும், புதுசு தட்டையா சுருங்கிப் போய்க் கேக்கும். மத்தவங்களை விட சத்தமா கேக்கணும்னு தானே அவ்வளவு நசுக்கினாங்க, அந்த லாபமும் போச்சு.

2016 ஹார்ட்வயர்டும் 2023 72 சீசன்ஸும் புரொடக்‌ஷன்ல கிரெக் ஃபிடெல்மேன் இருக்கார், டெத் மேக்னடிக் மிக்ஸ்ல இருந்த அதே ஆள் தான், ஆனா ரெண்டுலயும் அந்தக் கரகரப்பு கிடையாது. சத்தமான ஆல்பங்கள் தான், இருந்தாலும் மாத் இன்டு ஃப்ளேம்ல டிரம்ஸ் டிரம்ஸாவே கேக்குது, பேஸும் இருக்கு, நாலாவதுதந்திக்கே பிடிக்கும். நீளம் மட்டும் தான் இன்னும் மாறல, ரெண்டும் 77 நிமிஷம். 72 சீசன்ஸ் கடைசிப் பாட்டு இனாமொராட்டா 11 நிமிஷத்துக்கு மேல, அவங்க ஆல்பங்கள்ல வந்த சொந்தப் பாட்டுலயே நீளமானது, அதுல நடுவுல எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியா நடக்குற இடம் ஒண்ணு வரும், அதுக்காகவே அந்த 11 நிமிஷத்தை நான் மன்னிச்சுடுவேன்.

லோட்வாசி:

இடிமின்னல், பிளேலிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு மாத்திடுங்க. தி அவுட்லா டார்ன் ஆல்பத்துல இருக்கிறது முழுப் பாட்டு கிடையாது, சிடியில இடம் பத்தலைன்னு கடைசி ஜாம்ல ஒரு நிமிஷம் போல வெட்டிட்டாங்க. மெமரி ரிமெயின்ஸ் சிங்கிள்ல முழு வெர்ஷன் வந்துச்சு, அதைத் தேடிப் போடுங்க. 79 நிமிஷ ஆல்பத்துல வெட்டணும்னு வந்தப்ப ரானியை விட்டுட்டு இதுல போய்க் கை வச்சாங்களேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தாங்கல.

பழையகேசட்:

இதுல மட்டும் நான் உங்க கட்சி. அந்த ஜாம்ல ஒரு செகண்ட் கூடத் தொட்டிருக்கக் கூடாது.